டெங்குக் காலத்தில் வீடு வீடாகப் போவது எப்படி? முதல் முறை களம் இறங்குகிறவர்களுக்கு

ஐப்பசி மழை பிடித்ததும் ‘டெங்கு விழிப்புணர்வுக்கு ஆள் வேண்டும்’ என்று அழைப்பு வரும். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைக் கூப்பிடுவார்கள், மகளிர் சுய உதவிக் குழுவைக் கூப்பிடுவார்கள், குடியிருப்போர் சங்கத்தில் இருந்தால் உங்களையும் கூப்பிடுவார்கள். ஒரு கட்டு நோட்டீஸைக் கையில் கொடுத்து, தெருப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த நோட்டீஸ் கட்டோடு முதல் வீட்டு வாசலில் நிற்கப் போகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கொசு கடித்தால் டெங்கு வரும் என்பது தமிழ்நாட்டில் தெரியாத வீடு இல்லை. 2012-ல் 12,826 பேருக்கு டெங்கு வந்து 66 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. 2017-ல் 23,294 பேருக்கு வந்தது, 65 பேர் இறந்தார்கள். அந்த வருடங்களில் சொந்தத்திலோ பக்கத்துத் தெருவிலோ யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்ததை ஜனங்கள் மறக்கவில்லை. 2006-ல் சிக்குன்குனியா வந்து மாதக்கணக்கில் மூட்டு வலியோடு நடந்தவர்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். அதைப் பரப்பியதும் இதே கொசுதான். ஆகவே நீங்கள் கொண்டுபோகிற தகவல் பழைய தகவல். தெரிந்திருந்தும் தொட்டியை ஏன் தேய்ப்பதில்லை என்றால், தொட்டி பெரியது, இடுப்பு வலிக்கிறது, தண்ணீர் அடுத்து எப்போது வரும் என்று தெரியாது, பக்கத்து வீட்டில் செய்யாதபோது நான் மட்டும் செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். உங்கள் வேலை இந்தத் தடைகளில் ஒன்றையாவது எடுத்துப் போடுவது. நோட்டீஸ் கொடுப்பது அதற்குக் கீழேதான் வரும்.

முதலில் கொசுவைத் தெரிந்துகொள்ளுங்கள்

அரைமணி நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுப் போங்கள். வாசலில் வரும் கேள்விகளில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு. கறுப்பாக, காலில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை போட்டிருக்கும். பெண் கொசு மட்டும்தான் கடிக்கும், அதுவும் பகலில். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும், சாயங்காலம் பொழுது சாய்வதற்கு முந்தைய நேரமும் அதற்கு உகந்த நேரம். ராத்திரி கொசுவர்த்தி ஏற்றிவிட்டு, பகலில் குழந்தையை வலை இல்லாமல் தூங்க வைக்கிற வீடுகளில் இதைச் சொல்லியாக வேண்டும்.

இது சாக்கடைக் கொசு அல்ல. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்குகிற தெளிந்த தண்ணீரைத் தேடிப் போகும். அதிக தூரம் பறக்காது, பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றி நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே இருக்கும். ஒரு தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல் என்றால், கொசு உற்பத்தியாகும் பாத்திரம் அந்த நாலு வீட்டைச் சுற்றித்தான் எங்கேயோ இருக்கிறது. ‘நான் மட்டும் செய்து என்ன’ என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இதுவே. பத்து வீடு சேர்ந்து செய்தால் அந்தப் பத்து வீட்டுக்கும் பலன் கிடைக்கும், ஊர் முழுக்கச் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது இந்த வேலைக்கே அடிப்படையான விஷயம். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரின் மேல் மிதக்கவிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உள்சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்துபோனாலும் பல மாதம் சாகாமல் கிடக்கும். திரும்பத் தண்ணீர் நிரம்பியதும் பொரித்துவிடும். முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம்மூர் வெயிலுக்கு ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை என்ற கணக்கு இதிலிருந்து வந்தது. வெறுமே ‘கழுவுங்கள்’ என்று சொல்லாமல் ‘உள்பக்கம் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்’ என்று சொல்வதும் இதனால்தான்.

கிளம்புவதற்கு முன்

உங்கள் பகுதிக்கு உரிய ஆரம்ப சுகாதார நிலையத்தில், நகரம் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில், சுகாதார ஆய்வாளரைப் போய்ப் பாருங்கள். கிராமம் என்றால் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எந்தத் தெருவில் காய்ச்சல் அதிகம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் எந்தக் கிழமை எந்தத் தெருவுக்கு வருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போன மறுநாளே நீங்களும் போய் அதே தொட்டியை எட்டிப் பார்த்தால் வீட்டுக்காரர்களுக்கு எரிச்சல்தான் வரும். முடிந்தால் முதல் நாள் ஒரு பணியாளருடன் சேர்ந்தே சுற்றுங்கள். அந்தப் பணியாளர்கள் பலர் வருடக்கணக்கில் இதே வேலை பார்க்கிறவர்கள். எந்த வீட்டில் மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கும் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும்.

இரண்டிரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பகலில் பல வீட்டில் பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள், அந்நிய ஆண்கள் இருவரை உள்ளே விட யோசிப்பார்கள். யோசிப்பதும் நியாயம்தான். அடையாள அட்டை கழுத்தில் தொங்கட்டும்.

கையில் நல்ல டார்ச் லைட், வெள்ளை நிற பிளாஸ்டிக் மக், மூடியுள்ள சிறு கண்ணாடி பாட்டில், நார், பழைய வேட்டித் துணி, ஒரு நோட்டு, பேனா. இவ்வளவு போதும். ஆதார் எண், ஓ.டி.பி. எதையும் கேட்காதீர்கள், செல்போனை நீட்டி எதையும் பதியச் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்டால் கதவு அங்கேயே மூடிக்கொள்ளும்.

நேரமும் முக்கியம். காலையில் சமையலும் பள்ளிக்கூட அவசரமும் முடிந்து பத்து மணிக்கு மேல் போனால் நின்று பேசுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்கிற நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் இருக்கும் தெருவுக்கு ஞாயிறு காலை சரி. ஆனால் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் கிறிஸ்தவர்கள் அதிகமுள்ள தெருக்களில் ஞாயிறு காலை எல்லோரும் கோயிலுக்குப் போயிருப்பார்கள். முஸ்லிம் தெருக்களில் வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். தெருவின் பழக்கம் தெரிந்த ஒருவர் கூட வந்தால் இதையெல்லாம் அவரே சொல்லிவிடுவார். பள்ளிவாசல் நிர்வாகியோ, பங்குத்தந்தையோ, கோயில் தர்மகர்த்தாவோ முந்தின நாள் ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள்

நோட்டீஸில் பன்னிரண்டு அறிவுரை அச்சடித்திருப்பார்கள். முழுக்கைச் சட்டை, வலை, கொசு விரட்டி, கை கழுவுதல், காய்ச்சிய தண்ணீர் என்று எல்லாம் இருக்கும். எல்லாம் நல்லதுதான். பன்னிரண்டையும் ஒரு வாசலில் நின்று ஒப்பித்தால் அவர்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள், ஒன்றும் நடக்காது.

கொரோனாவின்போது போன் போட்டாலே முதலில் இருமல் சத்தம், அப்புறம் நீளமான அறிவிப்பு. தொடக்கத்தில் காது கொடுத்தோம், சில வாரத்தில் அது எப்போது முடியும் என்று காத்திருந்தோம். திரும்பத் திரும்ப ஒரே தொனியில் வரும் பொதுவான அறிவுரைக்குக் காது பழகிப்போகும்.

இதற்கு மாறாக, 2019 செப்டம்பரில் டெல்லி அரசு ‘பத்து வாரம், பத்து மணி, பத்து நிமிடம்’ என்று ஓர் இயக்கம் நடத்தியது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் உங்கள் வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைப் பாருங்கள், இதைப் பத்து வாரம் செய்யுங்கள். அவ்வளவுதான். என்ன செய்ய வேண்டும், எப்போது, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. முதலமைச்சரே தன் வீட்டில் தண்ணீரைக் கொட்டிக் காட்டித் தொடங்கி வைத்தார்.

உங்கள் தெருவுக்கும் அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குழாயில் தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒருமுறை வரும் ஊர் என்றால், ‘தண்ணீர் வருகிற அன்று, பிடிப்பதற்கு முன் தொட்டியைத் தேய்த்துவிடுங்கள்’ என்று கேளுங்கள். அன்றைக்குத் தொட்டி எப்படியும் காலியாகத்தான் இருக்கும். தனியாக ஒரு நாள் குறித்துச் சேமித்த தண்ணீரைக் கொட்டச் சொல்வதைவிட இது எவ்வளவோ நடக்கக்கூடியது. தினமும் தண்ணீர் வரும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை சரியாக இருக்கும்.

தண்ணீரைச் சேமிக்காதீர்கள் என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் ஒரு குடம் தண்ணீருக்கு என்ன பாடு என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். டிரம்மும் தொட்டியும் அவர்கள் ஆசைப்பட்டு வாங்கி வைத்தது அல்ல. நாம் கேட்க வேண்டியதெல்லாம் மூடி வைக்கவும் தேய்க்கவும்தான்.

வாசலில் பேசுவது

முதல் வரி நீங்கள் யார் என்பது, இரண்டாவது வரி எவ்வளவு நேரம் ஆகும் என்பது. இப்படி:

“வணக்கம்மா. நாங்க பக்கத்துத் தெரு. சுகாதார ஆய்வாளர் சொல்லி வந்திருக்கோம், கொசுப்புழு இருக்கான்னு பார்க்க. அஞ்சே நிமிஷம்தான். உங்க தண்ணித் தொட்டியப் பார்க்கலாமா?”

“அதெல்லாம் நான் மூடித்தான் வச்சிருக்கேன் தம்பி.”

“சரிக்கா. டார்ச் அடிச்சு ஒருவாட்டி பாத்துருவோம், நீங்களும் வாங்க.”

அந்தக் கடைசி இரண்டு வார்த்தை முக்கியம். நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு வந்து ‘புழு இருக்கு’ என்று சொன்னால் அது தீர்ப்பு சொல்வது போல ஆகிவிடும். அவர்களே குனிந்து பார்த்தால் பிறகு நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை.

வயதானவர்களிடம் ஊர் வழக்கப்படி ஆச்சி, அப்பத்தா, பாட்டி, ஐயா என்று கூப்பிடுங்கள். ‘மேடம்’ என்று தொடங்கினால் ஏதோ விற்க வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். சமையலறைக்குள்ளும் பூஜை அறைப் பக்கமும் அவர்கள் கூப்பிட்டாலொழிய போகாதீர்கள், வெளியில் நின்றே கேட்கலாம்.

புழு கிடைத்தால் குரலைத் தாழ்த்துங்கள். எதிர்வீட்டுக்காரர் காதில் விழும்படி “அக்கா, உங்க தொட்டியில நிறையப் புழு” என்று சொன்னால் அந்த வீட்டில் இனி உங்களுக்குக் கதவு திறக்காது. அழுக்கான வீடு என்று பெயர் எடுப்பதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் இந்தக் கொசு சுத்தமான வீட்டின் சுத்தமான தண்ணீரில்தான் விரும்பி வளர்கிறது. அதையே சொல்லுங்கள், முகத்தில் இறுக்கம் தளர்வதைப் பார்க்கலாம்.

பயமுறுத்தும் படங்களை எடுத்துப் போகாதீர்கள். இறந்துபோன குழந்தையின் கதையைச் சொன்னால் கேட்பவர் கலங்குவார், கலங்கியவர் டார்ச் எடுத்துத் தொட்டியைப் பார்ப்பார் என்பது நிச்சயமில்லை. பல பேர் ‘நமக்கு வராது’ என்று மனசை மூடிக்கொள்வார்கள். பயம் கொஞ்சம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு ஒரு வேலையைக் கையில் கொடுங்கள்.

தேடுவது

தொட்டியின் மூடியைத் திறந்ததும் புழு தெரியாது. வெளிச்சமோ நிழலோ விழுந்தால், தண்ணீர் அசைந்தால், சட்டென்று அடிக்குப் போய்விடும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு, பேசாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். புழு மேலே வந்துதான் மூச்சுவிட வேண்டும். நெளிந்து நெளிந்து ஏறி, வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். கூட்டுப்புழு என்றால் காற்புள்ளி மாதிரி வளைந்து, உருண்டு உருண்டு நகரும். கூட்டுப்புழுவைப் பார்த்தால் ஓரிரு நாளில் கொசு பறக்கப்போகிறது என்று அர்த்தம். வெள்ளை மக்கில் கோரி, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் காட்டுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பாட்டிலை முதலில் அவர்களிடம் கொடுங்கள். அடுத்த வாரம் தொட்டியைத் திறந்து பார்க்கப் போவது அநேகமாக அவர்கள்தான்.

தண்ணீரைக் கொட்ட மனம் வராத வீட்டில் கொட்டச் சொல்ல வேண்டாம். வேட்டித் துணியை நாலாக மடித்து இன்னொரு டிரம்மின் வாயில் கட்டி, தண்ணீரை அதில் வடிகட்டி ஊற்றுங்கள். காலியான தொட்டியை நார் போட்டு, தண்ணீர் நிற்கும் கோட்டுக்கு மேலே ஒரு சாண் வரை நன்றாகத் தேயுங்கள். கழுவிவிட்டு வடிகட்டிய தண்ணீரைத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். துணியில் தங்கிய புழுவை வெயிலில் காய்ந்த தரையில் உதறுங்கள். முதல் தடவை நீங்களும் ஒரு கை போட்டுத் தேய்த்துக் கொடுங்கள். அதற்கு ஆகும் பத்து நிமிடம் வீண் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில் தெருவில் போகிற நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

மூடி விஷயத்திலும் கவனம் வேண்டும். பாதி உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டையோ பலகையையோ மேலே வைத்திருப்பார்கள். விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே கொசுவுக்குப் போதும், உள்ளே இருட்டாகவும் இருப்பதால் அதற்கு இன்னும் வசதி. வாய்க்குத் துணியை இழுத்துக் கட்டுவதுதான் சரி. பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி டிரம்மின் கழுத்தில் போட்டால் துணியைக் கழற்றுவதும் மாட்டுவதும் சுலபம். துணி தண்ணீரில் தொய்ந்து விழாமல் இருக்கட்டும்.

தொட்டிக்கு அப்புறம் மற்றவை. பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு இருப்பதே பல பேருக்குத் தெரியாது, கட்டாயம் பாருங்கள். ஏர்கூலர், மணி பிளான்ட் பாட்டில், பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், சிரட்டை, இளநீர்க் கூடு, டீ குடித்துவிட்டுப் போட்ட பிளாஸ்டிக் கப், பழைய டயர், தார்ப்பாயின் மடிப்பு, சன்ஷேடில் தேங்கிய தண்ணீர். மொட்டை மாடிக்கு ஏறாமல் எந்த வீட்டையும் முடித்துவிட்டதாக எழுதாதீர்கள். மேல்நிலைத் தொட்டியின் மூடி காற்றில் பறந்துபோய் மாதக்கணக்கில் திறந்து கிடக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது.

மருந்து ஊற்றும் வேலை உங்களுடையது அல்ல. அபேட் என்று சொல்லப்படும், புழுவைக் கொல்லும் டெமிபாஸ் மருந்தை அளவு பார்த்துப் பணியாளர்கள்தான் ஊற்ற வேண்டும். கிணற்றில் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விட வேண்டும் என்றாலும் ஆய்வாளரிடம் சொன்னால் போதும்.

ஒரு விஷயம் மனசில் படுவதைச் சொல்கிறேன். இந்தப் பிரசாரம் எல்லாம் கடைசியில் பெண்களின் தலையிலேயே இன்னொரு வேலையாக இறங்குகிறது. தொட்டி தேய்ப்பதும் மாடி ஏறுவதும் உடல் வலு கேட்கிற வேலை. வீட்டில் ஆண்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள், “அண்ணே, மாடித் தொட்டி உங்க பொறுப்பு” என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கேட்பார்கள், பதில் வைத்திருங்கள்

“சாக்கடையைச் சுத்தம் பண்ணாம எங்க வீட்டுக்குள்ள வந்து பாக்குறீங்களே?” இது எல்லாத் தெருவிலும் வரும் கேள்வி. கேட்பதில் நியாயம் இருக்கிறது, மறுத்துப் பேசாதீர்கள். சாக்கடையில் வளர்வது வேறு கொசு, அதனால் யானைக்கால் நோய் பரவும், கடியும் தாங்காது, அதைச் சுத்தம் செய்வது உள்ளாட்சியின் கடமை. புகாரை அவர்கள் எதிரிலேயே நோட்டில் எழுதி, அன்றைக்கே ஆய்வாளரிடமோ வார்டு கவுன்சிலரிடமோ சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு, டெங்குக் கொசு மட்டும் வீட்டுத் தண்ணீரில் வளர்கிறது என்று சொன்னால் காது கொடுப்பார்கள்.

“புகை மருந்து அடிக்கச் சொல்லுங்க.” புகை அடிப்பது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்லும். தொட்டியில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. இந்தக் கொசு கட்டிலுக்கு அடியிலும் மாட்டித் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் உட்கார்ந்திருப்பது, தெருவில் அடிக்கும் புகை அங்கே சரியாகப் போய்ச் சேராது. நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி அடிப்பதற்குப் பயன் உண்டு. அடிக்க வரும்போது கதவு ஜன்னலை மூடாமல் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

“நிலவேம்பு குடிச்சா போதாதா? பப்பாளி இலைச் சாறு?” இங்கே சித்த மருத்துவமா ஆங்கில மருத்துவமா என்ற வாதத்தில் இறங்காதீர்கள். நிலவேம்புக் குடிநீரை அரசே கொடுக்கிறது, குடிக்கிறவர்கள் குடிக்கட்டும். ஆனால் காய்ச்சல் வந்தால் அதைக் குடித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது, ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும், தொட்டியையும் தேய்க்க வேண்டும். இதை மட்டும் அழுத்திச் சொன்னால் போதும்.

சிலர் உள்ளே விட மாட்டார்கள். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது, கொசு வளரவிட்டால் உள்ளாட்சி அபராதம் போடலாம். அந்த அதிகாரம் அதிகாரிகளுக்கு மட்டும்தான், தன்னார்வலர் அதைச் சொல்லி மிரட்டக் கூடாது. நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் திறக்கும்.

காய்ச்சல் இருக்கும் வீட்டில்

நீங்கள் மருத்துவர் அல்ல, ஆனால் இந்தச் சில விஷயங்களை எந்தத் தன்னார்வலரும் தடுமாறாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். உயிர் காப்பது இதுதான்.

கொசு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் தொடங்கும். கடுமையான காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போன்ற வலி. முதல் நாளே அரசு ஆஸ்பத்திரிக்கோ மருத்துவரிடமோ போகச் சொல்லுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 என்ற ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு என்றால் எலிசா முறையில் இன்னொரு பரிசோதனை. எது தேவை என்பதை மருத்துவர் சொல்வார். மருந்துக் கடையில் தாங்களாகக் கேட்டு மாத்திரை வாங்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

ரொம்பப் பேர் ஏமாந்துபோவது அடுத்த கட்டத்தில். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் அடித்து, பிறகு விட்டுவிடும். உடம்பு தேறிவிட்டது என்று வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிவிடுவார்கள். ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் இறங்கிவிடும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மலத்தில் ரத்தம் அல்லது கறுப்பாகப் போவது, மூச்சு வாங்குவது, கை கால் சில்லிட்டுப்போவது, குழந்தை சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் அழுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், 108-ஐக் கூப்பிட வேண்டும். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் காய்ச்சல் உள்ள வீட்டு நாட்காட்டியில் பெரிதாக எழுதிவிட்டு வாருங்கள்.

தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் ஆபத்தை முடிவு செய்ய முடியாது, மருத்துவர் வேறு பலவற்றையும் பார்ப்பார் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது, கஞ்சி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறதா, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் போகிறதா என்பது.

காய்ச்சல்காரர் பகலிலும் வலைக்குள் படுக்க வேண்டும். அவரைக் கடித்த கொசுதான் கிருமியை எடுத்துக்கொண்டு சில நாள் கழித்து வீட்டில் மற்றவர்களைக் கடிக்கும். டெங்குக் கிருமியில் நாலு வகை இருப்பதால் ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை திரும்ப வரலாம், இரண்டாவது தடவை கடுமையாகும் வாய்ப்பும் அதிகம். ‘எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது’ என்று அலட்சியமாக இருப்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

யார் வீட்டில் காய்ச்சல் என்பதைச் சுகாதார ஆய்வாளரிடம் மட்டும் சொல்லுங்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெயர் வெளியே வந்தால் அடுத்த காய்ச்சலை மறைத்துவிடுவார்கள்.

மறு வாரம்

பெரும்பாலான பிரசாரங்கள் இந்த இடத்தில்தான் சொதப்புகின்றன. ஊர்வலம், பேனர், போட்டோ எல்லாம் முதல் நாளோடு முடிந்துவிடும். கொசுவுக்கு ஒரு சுற்று முடிய ஏழெட்டு நாள் போதும் என்கிறபோது, ஒரே ஒரு நாள் போய்விட்டு வந்த தெருவில் இரண்டாவது வாரம் நிலைமை பழையபடி ஆகியிருக்கும். இருநூறு வீட்டுக்கு ஒருமுறை போவதைவிட ஐம்பது வீட்டுக்கு நாலு முறை போங்கள்.

நோட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்றே எண்ணிக்கை: எத்தனை வீடு பார்த்தோம், எத்தனை வீட்டில் புழு இருந்தது, எந்தப் பாத்திரத்தில். 50 வீட்டில் 10 வீட்டில் புழு என்றால் நூற்றுக்கு 20. சுகாதாரத் துறை வீட்டுக் குறியீடு என்று சொல்வது இதைத்தான். அடுத்த சுற்றில் அது 12-க்கு இறங்கினால் தெருவில் சொல்லுங்கள், அது அவர்கள் உழைப்பு. இறங்கவில்லை என்றால் பாத்திரக் கணக்கைப் பாருங்கள். எல்லாம் சிமென்ட் தொட்டியாகவே இருந்தால் பேச்சைத் தொட்டியில் வையுங்கள். பூந்தொட்டித் தட்டு என்றால் மாடித் தோட்டக்காரர்களைத் தனியாகக் கூட்டிப் பேசுங்கள்.

புழு இல்லாத வீட்டை வெறுமனே தாண்டிப் போகாதீர்கள். “போன வாரம் இருந்துச்சு, இப்ப ஒண்ணுகூட இல்லக்கா” என்று அந்த அம்மாவின் மாமியார் காதில் விழும்படி சொல்லுங்கள். குறையைத் தாழ்ந்த குரலிலும் நல்லதை உரக்கவும் சொல்வது இந்த வேலையில் நல்ல பழக்கம்.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் அனுமதியோடு ஒரு வகுப்புக்கு அந்தப் புழு பாட்டிலை எடுத்துப் போங்கள். பிறகு ஒரு சின்னத் தாள்: வீட்டில் தண்ணீர் நிற்கும் மூன்று இடத்தைக் கண்டுபிடித்து எழுதி வா. பிள்ளைகள் வீட்டில் செய்யும் நச்சரிப்புக்கு எந்தப் பேனரும் ஈடாகாது.

வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி போடுவதைவிட, தண்ணீர் வருகிற நாளன்று காலையில் தெருவுக்குத் தெரிந்த ஒருவர் குரலில் அரை நிமிடப் பதிவு ஒன்று போதும்: “இன்னைக்குத் தண்ணி வருது, தொட்டியத் தேச்சாச்சா?”

யாருக்கும் சொந்தமில்லாத இடங்கள்

வீடுகள் ஒழுங்கான பிறகும் காய்ச்சல் குறையவில்லை என்றால் சுற்றிலும் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் வீடு, பாதியில் நிற்கும் கட்டடத்தின் லிப்ட் குழி, பஞ்சர் கடைக்குப் பின்னால் குவித்த டயர், பழைய இரும்புக் கடை, காவல் நிலையத்தில் துருப்பிடித்து நிற்கும் வண்டிகள், திருமண மண்டபத்துக்குப் பின்னால் வீசிய கப்புகள், பள்ளிக்கூட மொட்டை மாடி, அரசு அலுவலகத்தின் தொட்டிகூட. இங்கெல்லாம் நீங்களாக நுழைய வேண்டாம். இடத்தையும் தேதியையும் எழுதி, போட்டோவோடு சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள், ஒரு வாரம் கழித்து என்ன ஆனது என்று கேளுங்கள். டயர்க் கடைக்காரர்களிடம் நேரில் பேசினால் பல பேர் கூரைக்கடியில் மாற்றி வைப்பார்கள், அல்லது தண்ணீர் நிற்காதபடி ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள்.

மார்கழியில் மழை ஓய்ந்து காய்ச்சல் குறைந்ததும் குழு கலைந்துவிடும். அதற்கு முன் இன்னும் ஒரு சுற்று போய்விடுங்கள். காலியாகிக் காயப்போகிற டிரம், ஏர்கூலர், ஆட்டுக்கல் எல்லாவற்றையும் உள்சுவர் தேய்த்துக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டிய முட்டை கோடையைத் தாண்டி அடுத்த மழைக்குப் பொரிக்கும். நோட்டை ஒரு நகல் எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். எந்தத் தெருவில் எந்தப் பாத்திரத்தில் புழு அதிகம் என்று அதில் இருக்கும், மத்திய அரசு டெங்கு எதிர்ப்பு மாதமாக வைத்திருக்கும் ஜூலையில் அடுத்த குழு வரும்போது அங்கிருந்தே தொடங்கலாம்.